மோதலுக்குப் பிந்தைய நல்லிணக்கப் பயிற்சி: ஐந்து நாள் வகுப்பு குறித்த மதிப்புரை

ஆயுத மோதல் ஓய்ந்த ஊர்களில் சமூக உரையாடல்களை வழிநடத்துவோருக்கான இந்த ஐந்து நாள் வகுப்பில், கட்டிய பணத்துக்கான பலன் முதல் இரண்டு நாள்களிலேயே கிடைத்துவிட்டது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக் குற்றங்களை ஊர்மக்கள் முன்னிலையிலேயே விசாரித்த ஏறத்தாழ 12,000 கச்சாச்சா எனும் ஊர் நீதிமன்றங்கள் 2012 வரை பெருந்தொகையான வழக்குகளை விசாரித்து முடித்ததைப் பாராட்டிய அதே மூச்சில், குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு வழக்கறிஞர் கிடைக்காததையும் சாட்சியம் அளித்தவர்கள் அச்சுறுத்தப்பட்டதையும் மறைக்காமல் விளக்கினார்கள். நிறவெறி ஆட்சிக்கால உரிமை மீறல்களை விசாரித்த தென்னாப்பிரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் பொதுமன்னிப்புக் கோரிய 7,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோருக்கு அது மறுக்கப்பட்டது என்பது வகுப்பில் பலருக்குப் புதிய செய்தி.

நடிப்புப் பயிற்சிதான் உச்சம். ஊர் திரும்பும் முன்னாள் போராளியாக ஒருவரும், கணவனைப் பறிகொடுத்தவராக இன்னொருவரும் எதிரெதிரே அமர்ந்தபோது, பயிற்சியாளர் நாற்காலிகளைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் போட்டார். அதுவரை விசாரணைபோல் ஒலித்த பேச்சு தணிந்து, இருவரும் கிணற்றைத் தூர்வாருவது பற்றிப் பேசத் தொடங்கினார்கள். முன்னாள் போராளிகளுக்கு மட்டும் உதவித்தொகை கொடுத்தால் அண்டை வீட்டார் மனம் கசந்துபோவார்கள் என்பதும், உதவி ஊருக்கே பொதுவாக அமைய வேண்டும் என்பதும் அங்கே எளிதில் புரிந்தன.

ஒதுக்கப்பட்டோரையும் சமூகத்தில் இணைத்துக்கொள்வது பற்றிய அமர்வோ ஏமாற்றமே. இடம்பெயர்ந்த பெண்களின் காணி உரிமைக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பாடம் மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியில் நடந்தது. கையேட்டின் மொழிபெயர்ப்பையும் யாரேனும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம்.