பாண், பிட்டு, சூடை, ரின்மீன்: கையில் 1000 ரூபாய் இருந்தால் எது?

சத்தான சாப்பாடெல்லாம் காசுள்ளவர்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் முன்பு நான் சண்டைக்கே போவேன். திருகோணமலையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா? ஒரு பக்கம் கடல், தம்பலகாமம் பக்கம் போனால் வயல், கந்தளாயிலிருந்து சட்டி சட்டியாக எருமைத் தயிர், வேலிக்கு வேலி முருங்கை. இப்போது சண்டை பிடிப்பதில்லை, ஏனென்றால் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் பாணும் அரிசியும். கோதுமை நம் நாட்டுப் பயிர் இல்லை, கப்பலில்தான் வருகிறது, அதில் நிறையச் சீனக்குடாவில் இறங்கி அங்கிருக்கிற பிறீமா ஆலையில் மாவாகி நாடு முழுக்கப் போகிறது. (ஆலை பக்கத்தில் இருக்கிறதே, நம் ஊர்க் கடையில் மா மலிவாக இருக்குமோ என்று கேட்காதீர்கள்.) அரிசிக்கு 2024 டிசம்பரில் அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டு விலையைப் பாருங்கள்: சிவப்புப் பச்சையரிசி கிலோ 220 ரூபாய், நாடு அரிசி 230, சம்பா 240. அதாவது தவிடு ஒட்டிய, சீனி வருத்தக்காரருக்குக் கிளினிக்கில் சொல்லிவிடுகிற அந்த அரிசி நாடு, சம்பா இரண்டையும்விட மலிவு. ஆனால் அந்த மாதங்களில் சிவப்பரிசிக்குத் தட்டுப்பாடு, விலை பலகையில் இருந்தது, அரிசியைத்தான் காணவில்லை.

அப்படியானால் ஏன் இத்தனை வீடுகளில் இரவில் பாண்? பாணுக்குக் காஸ் வேண்டாம், மா குழைக்க வேண்டாம், பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி வேண்டாம். பகல் முழுக்கக் கூலி வேலை செய்துவிட்டு ஆறரை மணிக்குப் படியேறுகிற ஒரு தாயிடம் போய் குரக்கன் பிட்டு அவியுங்கள், நார்ச்சத்து கூட என்று சொல்கிறவர் முதலில் ஒருநாள் அவித்துப் பார்க்க வேண்டும். விலைப் பட்டியல் போடுகிறவர்கள் விடுகிற செலவு இதுதான், காஸும் நேரமும். பாணும் தனியாக இறங்காது, சம்பல் வேண்டும், தேங்காயோ 2025 தொடக்கத்தில் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியது. சம்பலைக் குறைத்து மார்ஜரீன் பூசியோ வெறும் தேத்தண்ணியில் தொட்டோ சாப்பிட்டால், அது வயிறு நிரப்பும் வேலை மட்டும். பிட்டும் இங்கே தப்பாது, அதற்கும் தேங்காய்ப்பூ கேட்கும். சோறும் பருப்பும் என்றால் தேங்காய் இல்லாமலும் ஒப்பேற்றலாம்.

சரி, புரதத்துக்கு வருவோம், இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. 1000 ரூபாயை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் முழு ஆடைப் பால்மா பக்கற் ஒன்று 2025-இல் ஏறக்குறைய அந்த விலை, அதில் புரதம் சுமார் 100 கிராம். முட்டை 40 ரூபாய் என்று வைத்தால் 25 முட்டை, 150 கிராம் புரதம். (முட்டை விலையை நம்ப முடியாது, சில வருடங்களுக்குள் 30-க்குக் கீழும் பார்த்தோம், 60-ஐயும் பார்த்தோம்.) மைசூர்ப் பருப்பு கிலோ 300 என்றால் மூன்று கிலோவுக்கு மேல் வரும், 700 கிராமுக்குக் குறையாத புரதம். பருப்புப் புரதம் முட்டைப் புரதத்துக்குச் சமமில்லை, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் சோற்றோடு சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி பால்மா போட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தாயிற்று என்று நினைப்பதுதான் எனக்குப் பொறுக்காது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதும் குறையும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

மீனில் அறக்குளாவைப் பேசவே வேண்டாம், அது கொழும்புக்குப் போகிற மீன். எங்களுக்கு உள்ளது சூடை, நெத்தலி, கிடைத்தால் கும்பளா. கரைவலை நன்றாக இழுபட்ட நாளில் பத்து மணிக்குப் பிறகு போனால் சூடை இறங்கின விலைக்குக் கிடைக்கும். நெத்தலியையும் சின்னச் சூடையையும் முள்ளோடு தின்னலாம், அதனால் பால்மாவை நம்பி நாம் எதிர்பார்க்கிற சுண்ணாம்புச் சத்தும் கிடைத்துவிடும், பெரிய மீன் துண்டில் அது அவ்வளவாகக் கிடையாது. ரின்மீனோடு ஒப்பிட்டால்? ரின்னில் 425 கிராம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், தண்ணீரை வடித்த எடை பக்கத்தில் சின்னதாக இருக்கும், அதைப் பாருங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் ரின்மீனுக்கு இடமுண்டு, உடைக்கும்வரை கெடாது. சோயா மீற்றும் அதே வகை, புரதம் நல்லது, கூட வருகிற மசாலாப் பக்கற்றின் உப்புத்தான் பிரச்சினை, பாதியை எறிந்துவிடுங்கள்.

மரக்கறியில் போட்டியே இல்லை. கரட்டும் லீக்ஸும் மலைநாட்டில் விளைந்து தம்புள்ளைச் சந்தை வழியாக லொறியில் வருகின்றன, வழி முழுக்க விலை ஏறும். முருங்கை இலை, பொன்னாங்காணி, அகத்தி ஒன்றும் லொறி ஏறுவதில்லை. டவுனுக்குள் இருக்கிறவர்கள் சட்டியில் கீரை போட்டால் உயரத்தில் தூக்கி வையுங்கள். டவுனுக்குள் திரிகிற எங்கள் மான்கள் விலை கேட்பதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அரசாங்கம் வறியவர்களுக்குக் கொடுக்கிற அஸ்வெசும உதவிப் பணத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். வறிய குடும்பம் என்ற பிரிவுக்கு 2025 முதல் மாதம் 10,000 ரூபாய், நாளுக்குப் பிரித்தால் 333. ஒரு கிலோ நாடு அரிசியும் கால் கிலோ பருப்பும் வாங்கினால் 300-ஐத் தாண்டிவிடும், மிச்சத்தில் ஒரு பிடி கீரை வரலாம். காஸ், எண்ணெய், வெங்காயம் எல்லாம் கூலிக் காசில்தான். கூலிக் காசும் அன்றன்றைக்கு வருவதால் பருப்பைக் கிலோவாக வாங்க முடியாது, 100 கிராம் 100 கிராமாக, கூடுதல் விலைக்குத்தான்.

நவம்பரிலிருந்து வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் கரையில் கிடக்கும், சூடையின் மலிவு மாசி மாதம் வரைக்கும் பேச்சில்தான். கருவாடு இருக்கிறது, அந்த உப்போ பிரஷர்காரருக்கு ஆகாது, கழுவி ஊற வைத்துக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் முட்டை. 50-ஐத் தாண்டினால் திரும்பவும் பருப்பும் முருங்கை இலையும்.