வேர்ட் டேபிளோடு எட்டு வருஷம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை எட்டு வருஷமாக நான்தான் வேர்டில் அடித்துக் கொடுக்கிறேன். எக்செல்லில் போடலாமே என்று கேட்காதவர் இல்லை, ஆனால் கணக்குக்கு முன்னும் பின்னும் தீர்மானம், நன்றி, வேண்டுகோள் என்று மூன்று பக்கம் எழுத்து வருவதால் வேர்ட்தான் தோது.

முதல் இரண்டு வருஷம் வெறும் ஒப்பனைதான். இரட்டைக் கோடு, தலைப்பு வரிசைக்கு நீலம், ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்குச் சாம்பல். எல்லா வரிசையும் ஒரே உயரத்தில் இருக்கட்டும் என்று ரோ ஹைட்டை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து 0.6 செ.மீ. கொடுத்தேன். நீளமான பெயர்கள் இரண்டாம் வரிக்கு மடங்கின, அந்த இரண்டாம் வரி மறைந்தே போய்விட்டது. நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்த பிறகு, "என் பேர்ல பாதியைக் காணோமே" என்று மாடி வீட்டு மாமா வந்து நின்றார். தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து, தேவைப்பட்டால் உயரம் கூடும் 'அட் லீஸ்ட்' தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

அடுத்து ஆட்டோஃபிட். 'பராமரிப்புக்கட்டணம்' மாதிரி ஒரு சொல்லை அடித்தால் அந்தப் பத்தி (மேலிருந்து கீழாக வரும் கட்டங்கள்) விரிந்து பக்கத்துப் பத்தியை நெருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் கோடு ஆடும். டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் ஆப்ஷன்ஸுக்குள் போய், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அகலம் மாறும் என்கிற டிக்கை எடுத்துவிட்டால் அமைதி.

உண்மையில் டேபிள் சுத்தமாகத் தெரிவதற்கு நான் கண்ட ஒரே பெரிய விஷயம் டெசிமல் டேப், அதாவது எண்களைத் தசமப் புள்ளியை வைத்து வரிசைப்படுத்தும் குறி. 12,500 என்று ஒன்று, 348.50 என்று ஒன்று, பைசா உள்ளதும் இல்லாததும் கலந்து வரும்போது வலது பக்கம் ஒட்டவைத்தாலும் ரூபாய்கள் நேராக நிற்காது. அந்தப் பத்தியை இடது சீரமைப்பிலேயே விட்டுத் தேர்ந்தெடுத்து, ரூலரில் ஒரு டெசிமல் டேப் வைத்தால் போதும், டேப் விசையைக்கூடத் தட்ட வேண்டாம், புள்ளிக்குக் கீழே புள்ளி வந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆனது, அதுவரை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்திக்கொண்டிருந்தேன்!

தலைப்பு வரிசை அடுத்த பக்கத்திலும் வர 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' இருக்கிறது. வேலை செய்யவில்லை என்றால் டேபிள் ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ராப்பிங் 'அரவுண்ட்' (டேபிளைச் சுற்றி எழுத்து ஓடுவது) என்று இருக்கிறதா பாருங்கள், அது 'நன்' ஆக இருந்தால்தான் தலைப்பு திரும்ப வரும். வேர்ட் மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெஆபிஸ் ரைட்டரில் இதே வசதியை டேபிள் போடும்போதே கேட்டுவிடுகிறார்கள், சௌகரியம்.

அப்புறம் கூட்டல். மேலே உள்ள தொகைகளைக் கூட்டும் =SUM(ABOVE) சூத்திரம், நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதோடு நின்றுவிடும், அங்கே 0 போட்டுவிடுங்கள். தொகையை மாற்றினால் எஃப்9 தட்டும் வரை மொத்தம் பழையதுதான், நான் அச்சுக்கு முன் கால்குலேட்டரிலும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுகிறேன்.