இரவு முழுக்க ஓடும் 15 ஆம்ப்: வீட்டு சார்ஜிங்கை ஒயரிங் தாங்குகிறதா?

வாட்டர் ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கிறது, மின்சாரக் காரின் சார்ஜரும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால் இருக்கிற 15 ஆம்ப் பாயின்ட்டே போதும் என்று பலரும் தொடங்குகிறார்கள். முதல் சில வாரங்களுக்கு அந்தக் கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் ஹீட்டர் பதினைந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் வெட்டி நின்றுவிடும், சாக்கெட்டும் ஒயரும் ஆறிக்கொள்ளும். கார் அப்படி இல்லை. 30 யூனிட் கொள்ளும் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற 18 யூனிட் வேண்டும். வழியில் போகும் இழப்பையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 20 யூனிட் எடுக்கும். 230 வோல்ட்டில் 15 ஆம்ப் என்றால் ஆறு மணி நேரம், 10 ஆம்ப் என்றால் ஒன்பது மணி நேரம், இடைவிடாத ஓட்டம். வீட்டில் வேறு எந்தச் சாதனமும் ஒயரிங்கை இப்படிச் சோதிப்பதில்லை.

முதலில் அடிவாங்குவது சாக்கெட். பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்விக்கும் இடையே 0.1 ஓம் தடை வந்தாலே, 15 ஆம்பில் அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். சின்ன சால்டரிங் அயனை சாக்கெட்டுக்குள் மணிக்கணக்காக வைத்திருப்பது போலத்தான். ஃபேஸ் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம், கருத்துப்போன பித்தளைப் பின், வளைத்தால் வெடிக்கும் விறைத்த இன்சுலேஷன், லேசான கருகல் வாடை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். சாக்கெட்டின் பின்புறம் ஸ்க்ரூ சரியாக முறுக்கப்படாமல் இருக்கும், அல்லது தினமும் பிடுங்கிச் செருகிக் கவ்வியின் பிடி தளர்ந்திருக்கும். பல இழை ஒயர் என்றால் முனையில் ஃபெருல் (சின்ன உலோகக் குழல்) போட்டு நசுக்கிய பிறகே ஸ்க்ரூவுக்குள் விட வேண்டும். வெறும் இழைகள் சூடாகி ஆறி மெல்ல அமுங்கும், ஸ்க்ரூ தானாகவே லூஸ் ஆகிவிடும். பிளக்கைச் சுவரிலேயே விட்டுவிட்டு கார் பக்கம் மட்டும் கழற்றுவது நல்ல பழக்கம். கழற்றுவதற்கு முன் காரில் சார்ஜிங்கை நிறுத்திவிடுங்கள். சாதாரண சாக்கெட்டுக்குப் பதிலாக நீல நிற வட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். அது வரும்வரை காரிலோ சார்ஜரிலோ ஆம்பை 10-க்கு இறக்கி வையுங்கள். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், அதே மோசமான இணைப்பில் 22 வாட் 10 வாட்டாக இறங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்த ஆம்பிலும் வேண்டாம்.

லைன் மெயின் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும், நடுவில் வேறு பாயின்ட் கூடாது. 16 ஆம்புக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு, 32 ஆம்ப் வால்பாக்ஸுக்கு (சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி) குறைந்தது 6. தூரம் 30 மீட்டர் என்றால் 6 ஸ்கொயர் எம்எம்மில் 32 ஆம்ப் ஓடும்போது 5.6 வோல்ட் விழும், கேபிளிலேயே 180 வாட் வீணாகும். 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது 110 வாட்டுக்குள் அடங்கும். கேபிள் ஒரு முறை போடுவது, சார்ஜிங் தினமும் நடப்பது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன்.

32 ஆம்ப் வால்பாக்ஸுக்கு 32 ஆம்ப் எம்சிபியே (பளு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டால், வெயில் காலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் டிரிப் ஆகலாம். எம்சிபியின் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. நெருக்கியடித்த போர்டுக்குள் 45 டிகிரி என்றால் அது குறைந்த ஆம்பிலேயே வெட்டும். 40 ஆம்ப் டபுள் போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது), சி வகை (தொடக்கத்தின் நொடிநேர ஏற்றத்துக்கு வெட்டாதது) சரியான தேர்வு. ஆனால் கேபிள் அந்த 40 ஆம்பைத் தாங்குமா என்று பார்க்காமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது நெருப்போடு விளையாடுவது.

கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்சிசிபி விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வீடுகளில் பரவலாக இருக்கும், ஏசி கசிவை மட்டுமே உணரும் ஏசி வகை, காரிலிருந்து டிசி கசிவு வந்தால் மரத்துப்போய், வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்டாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்ப் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருந்தால் 30 மில்லிஆம்ப் ஏ வகை போதும், இல்லையென்றால் பி வகை வேண்டும். இதுவும் காருக்கென்று தனியாக இருக்கட்டும். ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், எல்இடி எல்லாவற்றின் சின்னச் சின்னக் கசிவும் ஒரே ஆர்சிசிபியில் கூடினால், காரில் கோளாறே இல்லாமல் நடுராத்திரியில் டிரிப் ஆகும்.

சார்ஜரில் எர்த் ஃபால்ட் என்று சிவப்பு விளக்கு எரிந்தால் அதை நம்புங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டுகிறதே என்று வாதிட வேண்டாம். மல்டிமீட்டர் மின்னோட்டமே இழுக்காது என்பதால் துருப்பிடித்த எர்த்திலும் முழு வோல்ட் காட்டும். எர்த் வழியாக மின்னோட்டம் ஓட்டி அளக்கும் லூப் டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். விளக்கை அணைப்பதற்காக சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். அப்படிச் செய்ய ஒருபோதும் விடாதீர்கள். ஜெனரேட்டரில் போட்டதும் சார்ஜர் மறுத்தால், பல நேரம் ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த் செய்யப்படாததுதான் காரணம்.

ஒயரிங்கின் உடல்நிலையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. சார்ஜரோ அதன் ஆப்போ வோல்ட்டேஜ் காட்டும். தொடங்கும் முன் 232, 15 ஆம்ப் ஓடும்போது 219 என்று வைத்துக்கொள்வோம். விழுந்தது 13 வோல்ட், அதாவது 195 வாட் எங்கோ சூடாகப் போகிறது. 20 மீட்டர் 4 ஸ்கொயர் எம்எம் கேபிள் 3 வோல்ட்டுக்கு மேல் தின்னாது, மீதி 10 வோல்ட் எங்கே? சார்ஜிங் ஓடும்போதே மெயின் போர்டில் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். அங்கேயும் விழுந்தால் குறை மீட்டர் பக்கமோ தெரு லைனிலோ. அங்கே விழாவிட்டால் உங்கள் லைனில் ஏதோ ஒரு லூஸ் கான்டாக்ட். மாதம் ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்தால், கருகல் வாடை வருவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்.

பெரிய வால்பாக்ஸ் எல்லாருக்கும் தேவையில்லை. நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 7, 8 யூனிட் போதும், 15 ஆம்பில் மூன்று மணி நேர வேலை. காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் 7.4 கிலோவாட் பெட்டி மாட்டியும் வேகம் கூடாது. 22 கிலோவாட் திரீ ஃபேஸ் பெட்டியில் சிங்கிள் ஃபேஸ் கார் ஒரு ஃபேஸை மட்டுமே எடுக்கும். வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு குறைவாக இருந்தால், மெயின் ஒயரில் சிடி (மின்னோட்டத்தை அளக்கும் வளையம்) மாட்டி, வீட்டுப் பளு ஏறும்போது காரின் ஆம்பைத் தானே இறக்கும் வால்பாக்ஸ் வாங்கலாம். அது 6 ஆம்ப் வரை இறக்கும், அதற்கும் கீழே போக வேண்டி வந்தால் நிறுத்திவிடும்.

மாட்டிய மூன்றாம் மாதம் மெயினை அணைத்து எல்லா ஸ்க்ரூக்களையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள், பிறகு வருடம் ஒருமுறை. கையடக்க சார்ஜர் என்றால் அதன் கனமான பெட்டியைப் பிளக்கில் தொங்கவிடாமல், சுவரில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள். பிளக்கைக் கீழே இழுத்து, மேல்பக்கக் கவ்வியைத் தளர்த்துவது அந்தப் பெட்டியின் எடைதான்.