கறுப்பு நகமும் இரத்தம் நிறுத்தும் தூளும்: 3 ஆண்டு அனுபவம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களோடு வாழும் நாய்க்கு நகங்கள் அனைத்தும் கறுப்பு. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும் நகக்கண் (நகத்துக்குள் இரத்த நாளமும் நரம்பும் உள்ள சதை) இதில் தெரியாததால், முதன்முறை வெட்டியபோதே முன்காலின் ஒரு நகத்தை ஆழமாக வெட்டிவிட்டேன். வீட்டில் இரத்தம் நிறுத்தும் தூள் இல்லை. அப்பா முகம் மழிக்க வைத்திருந்த படிகாரக் கட்டியை அம்மா எடுத்து வந்தார். அது நரம்பில் உரசியதும் நாய் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. இறுதியில் சோள மாவை அப்பி, துணியால் 5 நிமிடம் அழுத்திய பிறகே இரத்தம் நின்றது.

மறுநாள் வாங்கிய ஸ்டிப்டிக் என்ற இரத்தம் நிறுத்தும் தூளை இதுவரை 4 முறை பயன்படுத்தியிருக்கிறேன். அதிலுள்ள ஃபெரிக் சப்சல்பேட் என்ற இரும்புச் சேர்மம் இரத்தத்தின் புரதத்தை உறையவைத்து, நாளத்தின் வாயை அடைக்கிறது. ஒரு சிட்டிகையைப் பஞ்சில் எடுத்து நுனியில் வைத்து, நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்க்காமல் 2 நிமிடம் அழுத்தினால் போதும். எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் உறைந்ததைப் பிய்த்துவிடுகிறது. முதலில் சற்று எரியும். பழுப்புக் கறை துணியில் எளிதில் போகாது. நம் ஊர் ஈரக்காற்றில் தூள் கட்டிதட்டிவிடுவதால், இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பையோடு வைத்திருக்கிறேன். நகத்துக்கு மட்டுமே இது. ஆழமான காயத்தில் போடக்கூடாது.

தூளைவிட அதன் பிறகான 2 நாள்கள்தாம் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் ஓடினாலோ, நக்கிக்கொண்டே இருந்தாலோ உறைந்தது பெயர்ந்து மீண்டும் கசியும். ஆகவே குளிப்பாட்டுவதில்லை, மழை நனைத்த புல்லில் விடுவதில்லை, காலைக்கடனுக்கு மட்டும் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்கிறேன். ஒட்டியிருக்கும் தூளைக் கழுவாமல் தானாக உதிர விடுகிறேன். அழுத்தியும் 20 நிமிடத்துக்கு மேல் இரத்தம் நிற்காவிட்டாலோ, பின்னர் வீக்கம், சீழ், நொண்டல் தென்பட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இப்போது 10 நாளுக்கு ஒருமுறை மெல்லிய சீவலாகவே வெட்டுகிறேன். வெட்டிய முகத்தின் நடுவில், நகக்கண் நெருங்கிவிட்டதைக் காட்டும் கரும்புள்ளி தெரிந்தவுடன் நிறுத்திவிடுவேன். இப்படித் தொடர்ந்தால் நகக்கண்ணும் மெல்ல உள்வாங்குகிறது. நகவெட்டி இல்லாமலேயே தினமும் பாதத்தைத் தொட்டுப் பழக்கியும், அன்று அடிபட்ட காலை நாய் தானாக நீட்ட 5 மாதம் ஆயிற்று.