சிட்டுவோடு எட்டு வருடம்: ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்க்கும் அனுபவம்

சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஜாக் ரஸ்ஸல் டெரியர், பெண். தோள் உயரம் 28 செ.மீ., எடை ஆறு கிலோவுக்குள். "சின்ன நாய்தானே, தெருமுனை வரை நடத்திக் கூட்டிவந்தால் போதும்" என்று நினைத்து இந்த இனத்தைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உடம்பு மட்டும்தான் சின்னது.

ஜான் ரஸ்ஸல் (1795–1883) என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பெயர்தான் இந்த இனத்துக்கு. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819-ல், ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டையை வாங்கினார்; அங்கே தொடங்குகிறது இதன் வம்சக் கதை. நரியை அதன் வளைக்குள்ளேயே போய்க் குரைத்து வெளியேற்றுவது இந்த நாய்களின் வேலை. வளைக்குள் நுழைய வேண்டும் என்பதால், முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பு இரண்டு கைகளின் பிடிக்குள் அடங்க வேண்டும் என்று இன்றைக்கும் இனத் தரவிதியில், அதாவது இந்த இன நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையில், இருக்கிறது. சிட்டுவைக் குளிப்பாட்டும்போது பிடித்துப் பார்த்தேன். என் இரண்டு கை விரல்களும் ஒன்றையொன்று தொட்டன. உள்ளே இதயம் படபடவென்று அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

முதல் வருடம் நான் செய்த பெரிய தவறு, ஓடவிட்டுக் களைப்பாக்கிவிடலாம் என்று நம்பியது. காலையில் ஒரு மணி நேரம் பந்து, மாலையில் ஒரு மணி நேரம் பந்து. ஏழு மணி ஆனால் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்குவாள், அறையைச் சுற்றிச் சுற்றிப் பறப்பாள், கையைக் கடிப்பாள். போதவில்லை போல என்று இன்னும் ஓடவிட்டோம். தினமும் பயிற்சி எடுக்கிற ஓட்டக்காரரைப் போல அவளுக்குத் தெம்புதான் கூடியதே தவிர, அடங்கவில்லை.

ஒரு பயிற்சியாளர்தான் வழிகாட்டினார். பந்தைக் குறையுங்கள், மூக்குக்கு வேலை கொடுங்கள், தூங்கவிடுங்கள் என்றார். குட்டி நாய்க்கு ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூக்கம் வேண்டியிருக்கும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தூக்கம் கெட்ட குட்டிதான் மாலையில் அப்படிக் கடிக்கிறது. கூண்டின் மேல் ஒரு துணியைப் போர்த்தி, பகலில் இரண்டு மூன்று முறை படுக்கவைத்தோம். இரண்டு வாரத்தில் அந்த ஏழு மணி ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

மூக்கு வேலைக்குப் பெரிய செலவு வேண்டாம். பழைய துண்டு ஒன்றை விரித்து, பத்துப் பன்னிரண்டு தீனித் துணுக்குகளைத் தூவி, சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சு. முதல் நாள் பல்லால் கிழித்தாள். இப்போது ஒரு முனையை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையை மூக்கால் நெம்பி நெம்பிப் பிரிக்கிறாள். இருபது நிமிடம் ஆகும். முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள். தோண்டுவதற்கு ஒரு தொட்டி நிறைய மணல் வைத்து, உள்ளே பொம்மையைப் புதைத்து வைக்கிறோம். பூச்செடிகள் அதன் பிறகுதான் பிழைத்தன.

கூப்பிட்டால் வருவாளா? வீட்டுக்குள் வருவாள். வெளியே ஒரு வளையோ அணிலோ கண்ணில் பட்டால் என் குரல் அவள் காதில் ஏறாது. இரண்டு வயதில் திறந்தவெளியில் அவிழ்த்துவிட்டேன். புதருக்கு அடியில் இருந்த பொந்துக்குள் போய்விட்டாள். நாற்பது நிமிடம். தரையில் படுத்து மண்ணில் காது வைத்தேன். எங்கோ கீழே அவள் குரைப்பது கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அந்த நேரத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தபோது கண், மூக்கெல்லாம் மண். அன்றிலிருந்து வேலி இல்லாத இடத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு இல்லாமல் விடுவதில்லை. அதையும் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். வேகமாக ஓடி இழுபட்டால் கழுத்தில் அடிபட்டுவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸ்தான் சரி.

குட்டை முடி என்பதால் உதிராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளை முடி சோபாத் துணியில் ஊசி மாதிரி குத்தி நிற்கும். வாரம் இருமுறை ரப்பர் பிரஷ் போடுகிறேன். இன்னொன்று, இது வேட்டை நாய் என்பதால் வெள்ளெலி, முயல் வளர்க்கிற வீட்டுக்கு இந்த இனம் வேண்டவே வேண்டாம்.

உடல்நலத்தில் இரண்டு விஷயம். மூன்று வயதில், நடக்கும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கி நாலு எட்டு தாவிவிட்டு மறுபடி சாதாரணமாக நடந்தாள். பார்க்க விளையாட்டு போல இருந்தது. மருத்துவர் தொட்டுப் பார்த்து, முழங்கால் சில்லு விலகுகிறது என்றார். தொடக்க நிலை என்பதால் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம், சோபாவுக்குச் சாய்பலகை போட்டிருக்கிறோம். இன்னொன்று கண். இந்த இனத்தில் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இடம் நழுவும் பரம்பரை நோய் உண்டு. கண் சிவந்தாலோ, மங்கலாகத் தெரிந்தாலோ, மூடி மூடித் திறந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். காத்திருந்தால் கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடலாம். இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது. குட்டி வாங்கும்போது தாய், தந்தை இரண்டின் சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

சிட்டுவின் கண்ணைச் சுற்றியிருந்த பழுப்புத் திட்டில் இப்போது நரை விழுந்திருக்கிறது. துண்டு வைத்திருக்கும் அலமாரிக் கதவு கிறீச்சிட்டால் மட்டும் எந்த அறையில் இருந்தாலும் பறந்து வருகிறாள். ஒரு முடிச்சு இப்போதெல்லாம் அவளுக்குப் போதுவதில்லை, மூன்று போடுகிறேன்.