அந்தமானா, இலங்கையா? உடம்பு அலுக்கிற விடுமுறைக்கு எந்தத் தீவு

ஒரு வாரம் லீவு, சென்னையிலிருந்து கிளம்ப வேண்டும், ரிசார்ட் நீச்சல்குளத்தில் கால் நனைத்துவிட்டு வருகிற பயணம் வேண்டாம், நாள் முழுக்க அலைந்து ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்க வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டுதான். கொழும்புக்கு விமானத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். போர்ட் பிளேருக்கு (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்) இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடலுக்கு அடியில் போக ஆசை என்றால் அந்தமான், மற்ற எல்லாவற்றுக்கும் இலங்கை. ஆனால் உங்கள் லீவு எந்த மாதம் என்பதைப் பார்க்காமல் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தமானுக்கு ஒரே ஒரு சீசன். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும், அதிலும் மார்ச், ஏப்ரலில் தண்ணீர் கண்ணாடிதான். "அந்தமானில் பருவமழை தொடங்கியது" என்று வருஷா வருஷம் மே 20-ஐ ஒட்டி செய்தியில் வருகிறதே, அத்தோடு கதை முடிந்தது. அப்புறம் தென்மேற்கு, அதன் பின்னால் வடகிழக்கு, இடையில் வங்கக்கடல் புயல்கள். இலங்கை விஷயம் வேறு. நடுவில் மலை நிற்பதால் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கையும் தெற்கையும் நனைக்கும்போது கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும், வடகிழக்கு வந்தால் தலைகீழ். அதனால் மே முதல் செப்டம்பர் வரை அறுகம்பே, திருகோணமலை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெலிகம, மிரிஸ்ஸ. அக்டோபர், நவம்பர் மட்டும் இரண்டு தீவுக்குமே சரியில்லை. 2025 நவம்பர் கடைசியில் வந்த திட்வா புயல் இலங்கை மலையகத்தில் எத்தனை மண்சரிவைக் கொண்டுவந்தது என்பது நினைவிருக்கும். மலையக ரயிலை நம்பித் திட்டம் போடுபவர்கள், எந்தப் பகுதி வரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

சரி, கடலுக்கு அடியில். அந்தமானின் ஹேவ்லாக் தீவு (அரசுப் பெயர் சுவராஜ் தீவு, 2018-லிருந்து) இந்தியாவில் ஸ்கூபா கற்றுக்கொள்ள ஆகச் சிறந்த இடம் என்பது என் கருத்து. நீச்சல் தெரியாதவர்கூட முதல் டைவ் போகலாம். நாலைந்தாயிரம் ரூபாய் ஆகும். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து, வாயால் மட்டும் மூச்சு விடப் பழக்குவார்கள், முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியே தள்ளுவது எப்படி என்று காட்டுவார்கள், பிறகு பயிற்றுநர் பின்னால் இருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடியே இறக்கிக்கொண்டு போவார். இரண்டு மீட்டர் இறங்கியதுமே காது அடைக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதினால் 'டப்' என்று திறக்கும். இது திறக்காவிட்டால் அன்றைய டைவ் அவ்வளவுதான், அதனால் சளி பிடித்திருக்கும்போது போய்ப் பிரயோஜனமில்லை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

இதோடு நிறுத்தாமல், மூன்று நான்கு நாள் ஒதுக்கி ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்துவிட்டால் 18 மீட்டர் வரை போக உங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும், உலகத்தில் எங்கே போனாலும் செல்லும். ஜானிஸ் கார்ஜ், டிக்ஸன்ஸ் பினக்கிள் என்று ஆளாளுக்குப் புகழ்கிற இடங்கள் அதற்கும் கீழே, அடுத்த நிலைச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு. ஒரு முக்கியமான கணக்கு: பல டைவ் போன பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆகவே டைவிங்கைப் பயணத்தின் முன்பாதியில் வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

இதே விஷயத்தில் இலங்கை பின்தங்கித்தான் நிற்கிறது. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் ஸ்நார்கலிங் (முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பது) செய்தால் கருமுனைச் சுறாக்குட்டிகள் கண்ணில் படும், பார்க்கவே அழகு. ஆனால் கூட்டமும் அதிகம், பவளத்தின் மேலேயே ஏறி நிற்கிற கூட்டம். மட்டக்களப்புக்கு அப்பால் 1942-ல் ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது, ஆனால் அது 40 மீட்டருக்கும் கீழே. புதிதாகக் கற்றவர்கள் அதை ஆசைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அலைச்சறுக்கு என்றால் பேச்சே இல்லை, இலங்கைதான். அந்தமானிலும் லிட்டில் அந்தமானில் நல்ல அலை உண்டு, ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்கே ஒரு வார லீவில் பாதி கரைந்துவிடும். வெலிகம வளைகுடாவில் அடியில் மணல், அலை சின்னது, சர்ஃப் பலகையும் கற்றுத்தர ஆளும் மணிக்கணக்கில் வாடகைக்கு. விழுந்தாலும் மணலில்தான் விழுவீர்கள். அறுகம்பேயில் மெயின் பாயிண்ட் தேர்ந்தவர்களுக்கு, பேபி பாயிண்ட் நமக்கு. பக்கத்து ஊர் பொத்துவில், தமிழ் பேசும் ஊர், சாப்பாடு, ஆட்டோ எதற்கும் திண்டாட வேண்டாம். காற்றைப் பிடித்து ஓடும் கைட் சர்ஃபிங் வேண்டுமென்றால் கற்பிட்டி, துடுப்பு போட்டு ஆற்றில் குதிக்க வேண்டுமென்றால் கித்துல்கல.

நடை விஷயத்தில்தான் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அந்தமானில் ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சுக்குக் காடு, சதுப்பு வழியாக நடந்து போகலாம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரிய ஏற்றம் என்றால் வடக்கே திக்லிப்பூரில் சேடில் பீக், 732 மீட்டர், ஆனால் போர்ட் பிளேரிலிருந்து அங்கே போக ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் வழியாகக் கான்வாயில் (வண்டிகள் காவலோடு வரிசையாகப் போவது) ஒரு முழு நாள் சாலைப் பயணம். வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சட்டம் இருக்கட்டும், ஒரு மனிதக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தபடி போவது எனக்கு உறுத்துகிறது.

இலங்கை மலையகத்தில் பீக்கோ டிரெயில் என்று 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைபாதை இருக்கிறது, 22 பகுதிகள், கண்டிக்கு அருகே ஹந்தானவில் தொடங்கி அட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. தேயிலை ஏற்றிப்போன பழைய தோட்டப் பாதைகள்தான் பெரும்பாலும். முழுதாக நடக்க வேண்டியதில்லை, அப்புத்தளைப் பக்கம் இரண்டு மூன்று பகுதிகளை எடுத்துக்கொண்டாலே போதும். தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்கு ஏழு கிலோமீட்டர் ஏற்றம், காலை ஒன்பது மணிக்கு மேல் மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எதிரே வருவார்கள், "எங்கயிருந்து வாறீங்க?" என்று தமிழில் கேட்பார்கள், ரெண்டு வார்த்தை பேசினால் அவர்கள் தாத்தா பாட்டி எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறினார்கள் என்பது வரைக்கும் வரும். லயங்களின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசல் வழியாகவே பாதை போகிறது, அது சுற்றுலாக் காட்சி இல்லை, வீடு. கேமராவைப் பையில் வையுங்கள். மேலே போனால் ஒரு பிளேன்டீ, ஒரு ரொட்டி, சம்பல். டிசம்பரிலிருந்து மே வரை என்றால் சிவனொளிபாதமலையையும் சேர்த்துக்கொள்ளலாம், 2,243 மீட்டர், 5,000 படிகளுக்கு மேல், இறங்கும்போதுதான் முட்டி கணக்குக் கேட்கும்.

தொல்லை இரண்டிலும் உண்டு. மலையகத்தில் மழை பெய்தால் அட்டை, கரையில் இழுப்புள்ள கடல். அந்தமானில் மணல் ஈ கடி, அதைவிட முக்கியமாக உவர்நீர் முதலை. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்கலிங் செய்துகொண்டிருந்த பயணி ஒருவரை முதலை கொன்றிருக்கிறது. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் இறங்க வேண்டாம், சதுப்புக்காட்டுக் கயாக்கிங்கை வழிகாட்டி இல்லாமல் செய்ய வேண்டாம். அந்தமானில் இருட்டும் சீக்கிரம், டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் போய்விடும், ஆறு மணிக்கு மேல் ஊர் அடங்கும். படகு ரத்தாவதும் சகஜம், அதனால் ஹேவ்லாக்கிலிருந்து திரும்பும் அதே நாளில் விமானம் வைக்காதீர்கள்.

செலவு ஏறக்குறைய ஒன்றுதான். இலங்கையில் தங்குமிடமும் சாப்பாடும் மலிவு, ஆனால் ஹார்ட்டன் சமவெளி மாதிரி இடங்களில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. அந்தமானுக்குப் பாஸ்போர்ட், விசா வேண்டாம், ஆனால் சீசனில் விமான டிக்கெட் விலை மனசை உடைக்கும்.

பிப்ரவரி, மார்ச்சில் லீவு, இதுவரை ஸ்கூபா போனதில்லை என்றால் யோசிக்காமல் ஹேவ்லாக், கோர்ஸ் முடித்துவிட்டு நீல் தீவில் சைக்கிள் எடுத்துச் சுற்றிவிட்டு வாருங்கள். பள்ளி விடுமுறையில் மே மாதம் பிள்ளைகளோடு என்றால் திருகோணமலையும் அறுகம்பேயும். ஒருவருக்கு மலை, ஒருவருக்குக் கடல் என்று வீட்டில் இழுபறி இருந்தால் ஜனவரியில் அப்புத்தளையில் மூன்று நாள், வெலிகமவில் மூன்று நாள். இரண்டுக்கும் நடுவே வேன் பிடித்தால் அரை நாளுக்கு மேல் ஆகாது.