செக்குமாடும் ரத்தக் கறைச் சட்டையும்

பங்காளிப் பகை, வெட்டு, பழி என்று படம் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. 'பிஹைண்ட் தி சன்' படத்தை மகள் போட்டபோதும் அரை மனதோடுதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கரும்பு ஆலை வந்தது. மாடுகள் சுற்றுகின்றன, வீடே கூடி கரும்பு ஆட்டுகிறது. அப்புறம் நான் எழுந்திருக்கவே இல்லை. நாங்களும் ஒரு காலத்தில் ஆலை ஆட்டியவர்கள்தான்.

2001இல் வால்டர் சாலஸ் எடுத்த போர்ச்சுகீசிய மொழிப் படம். இஸ்மாயில் கதாரே எழுதிய அல்பேனிய நாவலை எடுத்து, 1910ஆம் ஆண்டு பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் நட்டிருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியவில்லை.

நிலத்துக்காக இரண்டு குடும்பங்கள் மாறி மாறிக் கொன்றுகொள்கின்றன. அதற்கும் முறை உண்டு. செத்தவனின் சட்டையைக் கொடியில் தொங்கவிடுகிறார்கள். ரத்தக் கறை மஞ்சளானால் பழி வாங்கும் நாள் வந்துவிட்டது. செத்த அண்ணனுக்காக எதிர்க் குடும்பத்து ஆளைச் சுட்டுக் கொன்ற ஆலை வீட்டு டோன்யோ, அதே எழவு வீட்டுக்குப் போய்த் தவணை கேட்கிறான். அடுத்த பௌர்ணமி வரை கிடைக்கிறது. கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, மறுபடியும் ஆலை வேலைக்குத் திரும்புகிறான். சாகப்போகிறவனுக்கும் கரும்பு காத்திருக்கிறது. இந்த இடம்தான் என்னை உலுக்கியது. எங்கள் பெரியப்பா செத்த அன்றுகூட, கொப்பரையில் இருந்த பாகை இறக்கிவிட்டுத்தான் அழ வந்தார்கள்.

நுகத்தடியை எடுத்த பிறகும் மாடுகள் தாமாகவே சுற்றும் ஒரு காட்சி உண்டு. செக்குமாடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! கண்ணால் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

டோன்யோவின் கடைக்குட்டித் தம்பியாக நடித்த ராவி ராமோஸ் லாசெர்டாதான் படத்தின் உயிர். வீட்டில் அவனுக்குப் பேரே கிடையாது, வெறும் 'பையன்'தான். வழியில் வரும் சர்க்கஸ்காரர்தான் ஒரு பேர் வைக்கிறார். படிக்கத் தெரியாமல், புத்தகத்தில் இருக்கும் படங்களைப் பார்த்தே கடல்கன்னிக் கதை கட்டுகிறான்.

குறை இல்லாமல் இல்லை. சர்க்கஸ் பெண்ணுடனான காதல் ஒட்டவில்லை. வால்டர் கார்வாலியோவின் ஒளிப்பதிவில் புழுதிகூடத் தங்கமாகத் தெரிகிறது. வெல்லம் காய்ச்சுகிறவர் முகத்தில் அப்படி வெளிச்சமா விழும்? புகைதான் அப்பும்.

முடிவைச் சொல்ல மாட்டேன். நான் பார்த்த பிரதியில் ஆங்கில சப்டைட்டில்தான். ஆனால் வசனம் குறைவு. என் மனைவி அதைப் படிக்காமலே கதையைப் பிடித்துக்கொண்டாள்.